ரிம்மைத் தொடும் நட்டு

காலை பத்து மணிக்கு டயர்காரரின் மனைவி பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தாள். டயர்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்தார். டயர் சப்பையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

எட்டு நாளில் மூன்றாவது முறை.

"பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்துச்சு" என்றாள் அவள். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "ஊருக்கெல்லாம் டயர் மாட்டுறீங்க. கட்டினவ வண்டின்னா மட்டும் கை வராதா?"

"ஆணி கீணி ஏறியிருக்கும்."

"ஆமா, ஊர்ல உள்ள ஆணியெல்லாம் என் விலாசத்தை விசாரிச்சுக்கிட்டு வருது பாருங்க."

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். வண்டி இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.

டயர்காரர் சக்கரத்தைக் கழற்றி, லிவர் போட்டு நெம்பி டியூபை வெளியே இழுத்தார். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. வால்வு மட்டும் டியூபோடு சேரும் அடிவேரில் பிறை வடிவத்தில் கிழிந்திருந்தது. முதல் இரண்டு டியூபும் அப்படித்தான் கிழிந்திருந்தன.

ஏன் அங்கே கிழிகிறது என்று தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். டியூப் ரப்பர், டயரும் ரப்பர். ரிம்மோ இரும்பு. பிரேக் பிடிக்கும்போது ரிம் சட்டென்று நிற்கப் பார்க்கும், டயர் இன்னும் கொஞ்சம் சுற்றப் பார்க்கும். காற்று குறைவாக இருந்தால் டயர் ரிம்மின்மேல் மயிரிழை வழுக்கும். நாலைந்து நாளில் மயிரிழை விரற்கடையாகும். உள்ளே இருக்கிற டியூபும் டயரோடு நகரும். அப்போது ரிம்மின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வால்வு ஒரு பக்கமாகச் சாயும். "என்னைக் கவனி" என்று டியூப் கையைத் தூக்குகிற மாதிரி. சாய்வைப் பார்த்ததும் காற்றை இறக்கி, டயரை நகர்த்தி, வால்வை நிமிர்த்திவிட்டால் போதும்.

வால்வுமேல் ஒரு சின்ன நட்டு வரும். மாட்டும்போது வால்வு உள்ளே போய்விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. வேலை முடிந்ததும் அதை மேலே ஏற்றி, மூடிக்கு அடியில் விரலால் நிறுத்த வேண்டும். ஸ்பேனர் போட்டு ரிம்மோடு இறுக்கினால் வால்வு சாய முடியாது. சாய முடியாதது கிழியும். ஓடுகிற வண்டியில் காற்று முழுவதும் ஒரே நொடியில் போய்விடும்.

மூன்று டியூபையும் அவர்தான் மாட்டினார். மூன்று முறையும் நட்டை மேலே ஏற்றி, இரண்டாம் தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினார்.

மூன்று முறையும் நட்டு ரிம்மோடு இறுகித் திரும்பி வந்தது.

இறுகிய நட்டை அவர் அதற்கு முன்னும் ஒருமுறை பார்த்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்னால், போலீஸ் நிலைய வாசலில், நசுங்கிய ஒரு பைக்கில். மனைவியின் தம்பி நெட்டையின் வண்டி அது. கடையில் அவருக்குத் துணையாக இருந்தவன். "மாமா, முன்சக்கரத்துல என்னமோ கடகடங்குது" என்று ஒருநாள் சொன்னான். தளர்ந்த நட்டு மூடிக்கடியில் ஆடுகிற சத்தம் அது. அவசரத்தில் ஸ்பேனரை எடுத்து ரிம்மோடு ஒரு முறுக்கு முறுக்கி, "இனி வாயைத் திறக்காது, போ" என்றார் டயர்காரர். இறக்கத்தில் வால்வு கிழிந்தது. நெட்டை எழுந்திருக்கவே இல்லை.

போலீஸ்காரர் நட்டைக் காட்டிக் கேட்டபோது, பக்கத்தில் அழுதுகொண்டு மனைவி நின்றாள். டயர்காரர் சொன்னார்:

"அவனேதான் இறுக்கிக்கிட்டான். சொன்னாக் கேக்க மாட்டான்."

அவள் நம்பினாள். மூன்று மாதமாகச் செத்துப்போன தம்பியைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

டயர்காரர் அதையெல்லாம் தலையை உதறி ஒதுக்கினார். புது டியூபை மாட்டி, அளவாகக் காற்று அடித்து, சக்கரத்தை மேசைமேல் படுக்கப் போட்டார். நட்டை மேலே ஏற்றி மூடியைப் போட்டார். நட்டிலிருந்து மூடிவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்தார். நட்டு அரைக்கால் சுற்று நகர்ந்தாலும் கோடு முறிந்துவிடும். காட்டிக்கொடுக்க அதைவிட எளிய வழி இல்லை.

வெயில் தாங்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கம்ப்ரெஸர் ஓய்ந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தகரக் கூரை மட்டும் சூட்டில் எங்கோ முணுக்கென்றது.

முதலில் வாசனைதான் வந்தது. ரப்பரும் பசையும் கலந்த கடை வாசனைக்கு நடுவே, வெயிலில் கொட்டிய பெட்ரோலின் வாசனை. அதற்குள் ரத்தத்தின் இரும்பு நெடி.

பிறகு சத்தம்.

கிறீச்.

வெள்ளைக் கோடு முறிந்திருந்தது.

அவர் கண் இமைக்கவில்லை. யாரும் தொடாத நட்டு, பொறுமையாக, வேலை தெரிந்த கை திருப்புகிற மாதிரி கால் சுற்றுச் சுற்றி நின்றது. ஸ்பேனரை எடுத்து மறுபடி பொருத்துகிற நேரம் விட்டது. மறுபடி கால் சுற்று.

கிறீச்.

பெயிண்ட் பொட்டு பின்பக்கம் போய் மறைந்தது. சுற்றி வந்தபோது ஒரு மரை கீழே இறங்கியிருந்தது.

அவர் பாய்ந்து நட்டைப் பிடித்தார். மத்தியான வெயிலில் அது ஐஸ் போலிருந்தது. பிடித்த விரல்களையும் சேர்த்துக்கொண்டு சுற்றியது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், ரிம்மைத் தொடவிடாதபடி ஆள்காட்டி விரலின் நுனியை நட்டுக்கு அடியில் கொடுத்தார்.

நட்டு நிற்கவில்லை.

நகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு பிளந்தது.

காதோரம் ஈரமான மூச்சு.

"நான்தானே இறுக்கினேன், மாமா?"

கால் சுற்று.

"போலீஸ்ல சொன்னீங்களே. இப்போ கத்துக்கிட்டேன். நல்லா இறுக்குறேனா?"

"டேய்... விடுடா... அவ உன் அக்காடா!"

"அக்காதான். தம்பி தன் கைவேலையாலதான் செத்தான்னு நம்புறாளே, அந்த அக்கா."

கால் சுற்று. எலும்பில் மரை உரசியது.

"நீ இல்ல!" என்று அலறினார் டயர்காரர். "நான்தான் இறுக்கினேன்! நான்தாண்டா!"

நட்டு நின்றது.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் நின்றுகொண்டிருந்தன. மனைவி குனிந்து உள்ளே வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. கை மாட்டிக்கி—"

கிறீச்.

அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். யார் கையும் படாமல் நட்டு திரும்பியதையும், தன் கணவரின் விரல் நசுங்கியதையும்.

"சொல்லுங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் நட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னார். கடகட சத்தத்தை, ஸ்பேனரை, போலீஸ் நிலைய வாசலை. சொல்லி முடித்த பிறகுதான் விரலை உருவ முடிந்தது. அவள் அழவில்லை. துணி எடுத்துக் கட்டிவிடவும் வரவில்லை.

"மூணு மாசம்" என்றாள். "மூணு மாசமா அவனைத் திட்டிக்கிட்டிருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தீங்க."

"தெரியாம வாயில வந்துருச்சு..."

"தள்ளி நில்லுங்க."

ரத்தம் பட்ட நட்டைத் துடைத்து இரண்டு விரலால் பிடித்தாள். எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. மூடிக்கடியில் நிறுத்திவிட்டு, கை கட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாள். அசையவில்லை. சக்கரத்தைத் தானே வண்டியில் பூட்டினாள். டயர்காரர் உதவிக்கு ஒரு எட்டு முன்னே வைத்தார். வால்வின்மேல் நட்டு லேசாக நடுங்கியது.

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நடுக்கம் நின்றது.

அதன் பிறகு அவள் வண்டியில் வால்வு கிழியவில்லை. அவள் அம்மா வீட்டில் இருந்துகொண்டுதான் வேலைக்குப் போய் வந்தாள். உண்மையைச் சொல்லியாயிற்றே, இனி விட்டுவிடுவான் என்று டயர்காரர் நினைத்தார். அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளரின் வண்டி சப்பையாகத் திரும்பி வந்தது. நட்டு ரிம்மோடு இறுகியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அவர் மாட்டியவை மட்டும். அவன் அவரை விடவில்லை. விடப்போவதும் இல்லை.

இப்போது கடையில் டியூப் மாட்டச் சம்பளத்துக்கு ஒரு ஆள் இருக்கிறார். டயர்காரர் வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக வந்த ஆள் வால்வு கிழியாமலிருக்க என்ன வழி என்று கேட்டபோது, சூம்பிய விரலை மடக்கிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: காற்று குறையக் கூடாது. வால்வு சாய்ந்தால் டியூபை நகர்த்தி நிமிர்த்தணும். நட்டை மூடிக்கடியில் விரலால் நிறுத்தணும், ரிம்மோடு இறுக்கக் கூடாது.

அப்புறம், அந்தச் சக்கரத்தை நான் தொடக் கூடாது.