வெள்ளிக்கிழமைக் கை

காலை ஒன்பது பத்துக்கு வகுப்பு தொடங்கியது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மேசை. வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும் வழக்கம் இல்லை. கதவருகே இருந்த கண்ணாடித் தகட்டில் ஒவ்வொருவரும் வலது கையை வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். தகடு பன்னிரண்டு முறையும் ஒரே எண்ணைக் காட்டியது: தீ-7.

நிரஞ்சனா தகட்டின் பக்கம் திரும்பவில்லை. பலகையில் அன்றைய பாடத்தை எழுதினாள். ஓம் விதி.

அட்டவணையில் அந்த வகுப்புக்கு அடிப்படை மின்னணுவியல் என்று பெயர். தீ எச்சரிக்கைத் தொழில்நுட்பர்களுக்கானது. உண்மையில் அது பெயர் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. வேலை அவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். போன வாரம் திருப்பூர்ப் பதியக்கூடத்தில் நான்கு அமர்வுகளில் கைப்பதியம், அதாவது தேர்ந்த ஒருவரின் கைப்பழக்கம், இவர்கள் கையில் ஏற்றப்பட்டிருந்தது. செம்பில் கீறல் விழாமல் கம்பியின் உறையை உரிக்க, ஏணிமேல் நின்று ஒற்றைக் கையால் புகை உணரியைக் கழற்ற, திருகாணி எந்த அளவில் போதும் என்று அறிய, எல்லாம் கைக்கு வந்துவிட்டது. செய்வதற்குப் பெயர் மட்டும் வாய்க்கு வரவில்லை. அதற்குப் பத்து நாள்.

"மேடம், இந்தக் கலர் கலராக் கோடு போட்டது பேரு என்னங்க?" ரெஜினா ஒரு மின்தடையைத் தூக்கிக் காட்டினாள். பின்னலாலையில் தரம் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை இப்போது கேமராக்கள் பார்க்கின்றன.

"நேத்துத்தானே சொன்னேன். ரெசிஸ்டர்."

"கைக்கு ஞாபகம் இருக்குதுங்க. எனக்குத்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அடுத்த மேசையில் குழந்தைவேலு சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பத்துநான்கு வயது. லாரிகள் தாமே ஓடத் தொடங்கும்வரை லாரி ஓட்டியவர். பலகையில் இருந்தது எதையும் அவர் விட்டதில்லை, தேதியைக்கூட எழுதிக்கொள்வார்.

அன்றைய பயிற்சி எளிது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் கம்பி, போலிக் கூரைக்கு மேலே ஆறு புகை உணரிகளைத் தொட்டுப் போய், கடைசியில் ஒரு மின்தடையில் முடியும். முனைத்தடை என்று பாடப்புத்தகம் சொல்லும். வழியில் எங்கோ கம்பியை நிரஞ்சனா வெட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டு பெட்டியிலும் மஞ்சள் விளக்கு. வெட்டைக் கண்டுபிடித்துச் சேர்த்தால் பச்சை. பெட்டிகளுக்குள் வேறு மூளை எதுவும் கிடையாது. தீ விஷயத்தில் யோசிக்கும் கருவி கூடாது என்பது பழைய விபத்துகளுக்குப் பின் வந்த சட்டம். செம்புக் கம்பியும் மனிதக் கையும் மட்டும்.

நாலாவது நிமிடத்தில் குழந்தைவேலுவின் பெட்டி பச்சையானது.

"அண்ணன் லாரிய ஓரங்கட்டற வேகத்துல வேலைய முடிச்சுப்போட்டாரு," என்றாள் ரெஜினா, ஏணிமேல் நின்றபடி.

"நீ எறங்கி வா புள்ள, உனக்கும் ஓரங்கட்டித் தாரேன்."

நிரஞ்சனா அவருடைய ஏணியைப் பார்த்தாள். அது சுவரோரம் சாய்த்த இடத்திலேயே இருந்தது. அருகே போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

ஐந்தாம், ஆறாம் முனைகளுக்குக் குறுக்கே ஒரு மின்தடை. அதன் இரு கால்களும் ஒட்ட மடிக்கப்பட்டு, கம்பிக் கட்டுக்குப் பின்னால், திறந்தாலும் சட்டெனக் கண்ணில் படாதபடி செருகப்பட்டிருந்தது. இடது காலில் ஒன்றரைச் சுற்று. அது நிரஞ்சனா சுற்றும் விதம்.



"இத ஏண்ணா இங்க போட்டீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பதைப்போல.

"தெரியலீங் மேடம். ஏணிய எடுக்கலாம்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள கை அங்க போயிருச்சு. போட்டதும் மனசு லேசாயிருச்சுங்க. வீட்டுக்குப் போலாம்ங்கற மாதிரி."

நிரஞ்சனா ஒரு மல்டிமீட்டரை அவரிடம் நீட்டினாள். 

"பெட்டியில இருந்து சொல்லுங்க. என்ன கிளம்புது?"

"இருபத்துநாலு வோல்ட்டுங்க. கம்பி வழியாக் கடைசி மட்டும் போகோணும். கடைசில ரெசிஸ்டர். அதுக்குள்ள பூந்து கொஞ்சூண்டு கரண்ட் திரும்பி வரோணும்."

"எவ்வளவு?"

பலகையைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "நாலாயிரத்தி எழுநூறு ஓமுக்கு... அஞ்சு மில்லி ஆம்பியர்."

"வந்தா?"

"பச்சைங்க. கம்பி முழுசா இருக்குதுன்னு பெட்டிக்குத் தெரிஞ்சுரும். வரலைன்னா அறுந்திருக்குது, மஞ்சள்."

"இப்ப வருதா, பாருங்க."

பார்த்தார். "அஞ்சு வருதுங்க."

"எங்க போயிட்டு வருது?"

அவர் விரலால் மின்தடையைத் தொட்டார். பிறகு மேலே கூரையைப் பார்த்தார். பிறகு மறுபடி மின்தடையை. ரெஜினா ஏணியில் அசையாமல் நின்றாள்.

"வாசல்லயே திரும்பிருது," என்றார். "போகவே இல்லீங்க. போயிட்டு வந்துட்டேன்னு பொய் சொல்லுது."

சோதனைப் புகைக் குப்பியை எடுத்துக்கொண்டு அவரே ஏணியில் ஏறினார். கடைசி உணரிக்கு அடியில் பீய்ச்சினார். புகை சுருண்டு போய் உணரிக்குள் நுழைந்தது. மணி அடிக்கவில்லை. கீழே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இறங்கி வந்து கையை மடியில் வைத்து உட்கார்ந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

"டீ குடிச்சிட்டு வாங்க எல்லாரும்," என்றாள் நிரஞ்சனா.

அறை காலியானதும் மற்றப் பெட்டிகளைத் திறந்தாள். இன்னும் நான்கில் அதே மின்தடை. அதே ஒன்றரைச் சுற்று. ஒன்று ரெஜினாவுடையது; அதுவும் யாரும் கவனிக்காமல் பச்சையாகியிருந்தது. பச்சை வந்தபிறகும் ஏணியில் ஏறி அவள் என்ன தேடிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஒரு தொழிலுக்கு ஒரு தாய்க்கை. அந்த வேலையில் ஆகச் சிறந்தவர் ஒருவரிடமிருந்து மட்டும் பதியம் எடுப்பார்கள். யாருடைய கை என்று வெளியே சொல்லக்கூடாது. தீ-7 நிரஞ்சனாவின் கை. ஆறு ஆண்டுகளில் மூவாயிரத்து நூற்று நாற்பது பேருக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

அவள் அதை ஒரே ஒரு முறைதான் செய்தாள். பதியம் கொடுப்பதற்கு முந்தைய ஆண்டு, அவினாசி சாலையில் ஒரு தொழிலாளர் விடுதி. வெள்ளிக்கிழமை நாலரை மணி. பதினான்காம் மாடியில் எங்கோ கம்பி அறுந்திருந்தது. மாடி முழுக்கக் கூரைப் பலகைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சான்றிதழ் அன்றே வேண்டும் என்று கீழே காத்திருந்தார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்றாவது ஒரு காரணம் இருந்திருக்கலாம். இல்லை. வெறும் அலுப்பு. பெட்டிக்குள் மின்தடையை மடித்துச் செருகினாள். பச்சை வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

சனியும் ஞாயிறும் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை விடியும் முன்பே போய், யாரையும் கேட்காமல், தனியாக எல்லாப் பலகையையும் கழற்றி, வெட்டைச் சேர்த்து, மின்தடையைக் கடைசி முனையில் போட்டுவிட்டு வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதியம் கொடுக்கும்முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் கை செய்தவற்றில் பிறர் கைக்குப் போகக்கூடாதது ஏதாவது உண்டா?' அந்த வரியில் வெகுநேரம் பேனா நின்றது. சரிசெய்தாயிற்றே என்று நினைத்தாள். இல்லை என்று எழுதினாள்.

கை ஏறும், கையின் நிம்மதியும் ஏறும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள் ஏறவில்லை. திங்கட்கிழமை ஏறவில்லை. அது அவளிடம் மட்டும் இருந்தது.

பதிய வாரியத்துக்கு அழைத்தாள். மாசிலாமணி எடுத்தார். படிவத்தைக் கொடுத்தவரும் அவர்தான்.

நடந்ததை அவள் சொல்லி முடித்தாள்.

"மாணவர் பிழைன்னு எழுதிக்கலாமே, மேடம். புதுக் கை, அஞ்சு பேரு தப்புப் பண்ணிட்டாங்க. நடக்கறதுதான்."

"ஒன்றரைச் சுற்று சார். அது என்னுது."

"நீங்க எழுத்துல குடுத்தா நான் தாய்க்கைய ரத்துப் பண்ணியாகணும். மூவாயிரம் பேருக்கும் சாயங்காலத்துக்குள்ள அவிழ்ப்பு உத்தரவு போயிரும். நாளைக்கு அவங்களுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. எல்லாம் இந்த வேலைய நம்பி வந்தவங்க."

"கட்டடங்கள யாரு சார் பாக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவிழ்த்துட்டா பெட்டியத் தொறக்கறதுக்கே ஆள் கிடையாது, உங்களத் தவிர. நீங்க எழுதலைன்னா இந்தப் பேச்சே நடக்கலை."

நிரஞ்சனா மேசையில் கிடந்த மின்தடையைப் பார்த்தாள்.

"அவிழ்க்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் குடுங்க. அவங்கவங்க கையெழுத்துப் போட்ட பெட்டிய அவங்கவங்களே போய்ப் பாக்கட்டும்."

"அதுக்கும் எழுத்து வேணும் மேடம்."

நின்றபடியே எழுதினாள். மூன்று வரி. தேதி, கட்டடம், தான் செய்தது. படிவத்தில் இல்லை என்று எழுதியது பொய் என்று நான்காவது வரியும், ஒரு மாதம் கேட்டு ஐந்தாவது வரியும் சேர்த்து அனுப்பினாள்.

டீ முடிந்து வந்தவர்களிடம் உட்காரச் சொல்லாமலே சொன்னாள். தாய்க்கை தன்னுடையது என்று. வெள்ளிக்கிழமை பற்றி. ஒரு மாதம் கழித்துக் கை போய்விடலாம் என்றும்.

முதலில் பேசியவள் ரெஜினா. "ஏனுங் மேடம், நீங்க ஒரு நாளைக்கு அலுத்துப்போனதுக்கு எங்க கையப் புடுங்குவாங்களா?"

"ஆமா."

"நாங்க இத்தன நாளா இந்தப் பேரெல்லாம் உருப்போட்டது?"

"அது போகாது. படிச்சது உங்களோடதுதான்."

"அத வெச்சு நான் என்ன பண்றது? புள்ளைங்களுக்குக் கதை சொல்றதா?"

நிரஞ்சனா தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்கும் சொல் வாய்வரை வந்தது. அது மிகச் சிறியதாக இருந்தது. விழுங்கினாள்.

குழந்தைவேலு தன் பையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மீட்டர், புகைக் குப்பி, கம்பி உரிப்பான். நோட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்தார்.

"எங்க அண்ணா கிளம்பிட்டீங்க?"

"என்ற பொண்ணு பெருமாநல்லூர் விடுதில இருக்கறா. பதினேழாவது மாடி. போன வருசம் நம்ம தீ-7 கை ஒண்ணுதான் அங்க கையெழுத்துப் போட்டிருக்குது. பச்சைதான் எரியுது. நானே பாத்திருக்கறேன்."

"போய்ப் பெட்டியத் தொறந்து பாருங்க. கடைசி உணரிக்குப் புகை அடிச்சுப் பாருங்க. இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுருச்சே."

"எனக்குத் தெரிஞ்சுருச்சுங்க." வலது கையை விரித்து அவள் முன்னால் நீட்டினார். "இதுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. இதே கைதானுங்க ஏணி ஏறிப் போகோணும். சாயங்காலம் அலுப்பா இருக்கும். நான் எறங்கி வந்து எல்லாஞ் சரியா இருக்குதுன்னு சொன்னா, மேடம், உங்க புள்ளைய நீங்க அங்க தூங்க வெப்பீங்களா?"