வட்டம் போடும் பென்சில்கள்

ஏழாம் எண் பென்சிலின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அரை மில்லிமீட்டர்தான். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் கோமதிநாயகம் அரை மில்லிமீட்டருக்குச் சம்பளம் வாங்குகிறவர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவின் தலைவர். பழைய மெக்கானிக்கல் பென்சில்களைச் சேர்ப்பவரும்கூட. மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. எதை எடுத்துப் பார்த்தாலும் முனையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைப்பார். இதை அவர் நெறி என்பார். அவர் மனைவி செல்வலட்சுமி வேறு பெயர் வைத்திருந்தாள். "சீவக்கூட வேண்டாத பென்சிலுக்கு ஒரு பீரோவா? ஒண்ணு வீட்ல நான் இருக்கணும், இல்லன்னா இதுங்க இருக்கணும்" என்று அவள் சொன்ன நான்காம் நாள் பென்சில்கள் கம்பெனிக்குக் குடிபோயின. நடுவில் மூன்று நாள் அவர் யோசித்தார் என்பதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கண்ணாடியைத் திறந்து ஏழாம் எண்ணை எடுத்து, முனையை உள்ளே தள்ளி வைத்தார். பூட்டிய பெட்டி. சாவி அவர் இடுப்பில். சரி, போன தடவை மறந்திருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தான் எதையும் மறப்பதில்லை என்று வாரம் ஒரு கூட்டத்தில் சொல்லும் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பராமரிப்புக்காக மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தியிருந்தார்கள். வாசலிலேயே செக்யூரிட்டி எல்லப்பன் எச்சரித்திருந்தார்.

"இன்னா சார், நாயித்துக்கெழமைல வந்துகினு. உள்ள கரண்ட்டு இல்ல. பேனு சுத்தாது."

"வெளிச்சம் இருந்தா போதும்."

"வெளிச்சம் கீது சார். காத்துதான் இல்ல."

உண்மையில் காற்று மட்டுமல்ல, சத்தமும் இல்லை. வாரம் ஆறு நாள், மூன்று ஷிப்டும், தரையை அதிரவைத்துத் தகடு அடிக்கும் ப்ரெஸ் எந்திரங்கள் ஒன்பதும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வரிசையாக வாயைத் திறந்தபடி நின்றன. அவற்றின் எண்ணெய் வாடை வெயிலில் வெந்து, அலுவலகத்துக்குள் புகுந்து, அவருடைய காலர்வரைக்கும் ஏறியிருந்தது. எங்கேயோ கூரைத் தகடு சூட்டில் விரிந்து, இடைவெளி விட்டு விட்டு, யாரோ விரலை நொடிப்பதுபோல் சொடுக்கியது.

அவர் பதிவேட்டைத் திறந்தார். நான்காம் எண் ப்ரெஸ். ஆகஸ்ட் மாதம். கர்ட்டன் சென்சார் பரிசோதனை. கை உள்ளே போனால் எந்திரத்தை அந்த நொடியே நிறுத்துகிற ஒளித்திரை அது. தினமும் காலையில் சோதித்துக் கட்டத்தில் குறி போட வேண்டும். நன்றாக இருந்தால் வட்டம். கோளாறு என்றால் பெருக்கல் குறி. வெளிநாட்டு முதலாளிகள் கற்றுக்கொடுத்த முறை. அந்த முறைக்குள் உள்ளூர் முறை ஒன்றும் உண்டு. யாரும் தினமும் சோதிப்பதில்லை. ஆடிட் வரும்போது மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் பென்சிலில் போட்டு, ஏதாவது பிசகினால் அழித்து, எல்லாம் அழகாக வந்தபின் மேலே பேனாவை ஓட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கோமதிநாயகமே ஓட்டுகிறார். அதற்கென்று அன்றைக்கு ஒரு பென்சிலைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிப்பார். பொய்க்கும் ஒரு தரம் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஏழாம் எண்ணையே எடுத்தார். பித்தளை உடம்பு, ஆறு பட்டை, எண்பது வயது. தலைப்பக்கம் யாரோ கடித்த பல் தடம். கடித்த தடம் உள்ள பென்சில்களைத்தான் அவர் தேடித் தேடி வாங்குவார். பெட்டியில் ஒவ்வொன்றின் கீழும் சின்ன அட்டை இருக்கும்: பாய்லர் பரிசோதகர். ரயில் பாலத்து மேற்பார்வையாளர். சுரங்கத்துப் பாதுகாப்பு அதிகாரி. இவர்களெல்லாம் எப்பேர்ப்பட்ட நேர்மையாளர்கள் என்று வருகிறவர்களிடம் உருகி உருகிச் சொல்வார். ஒருவரைப் பற்றியும் அவருக்கு எதுவும் தெரியாது.

ஒன்று. வட்டம். இரண்டு. வட்டம். பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. பதின்மூன்றுவரை ஒரே மூச்சு.

பதினான்காம் கட்டத்தில் கை நின்றது.

பதினான்காம் தேதி காலை எட்டே காலுக்குத்தான் சக்திகுமாரின் வலக்கை நான்காம் எண் ப்ரெஸ்ஸில் மாட்டியது. மூன்று விரல்கள் போயின. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வயது இருபத்துநான்கு. இந்தக் கட்டத்தில் வட்டம் இருந்தால் எந்திரம் நலம், பையன்தான் கவனக்குறைவு. வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பிவிடலாம். பெருக்கல் குறி இருந்தால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும்.

நேற்று பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவன் அக்கா பாண்டிச்செல்வி இந்த மேஜைக்கு முன்னால்தான் நின்றாள். அழவில்லை.

"அன்னைக்குக் காலைல ஏழரைக்கே அவன் உங்ககிட்ட வந்து சொன்னாம்லா சார், சென்சார் வேல செய்யலன்னு?"

"பாக்கேன்மா" என்றார் அவர்.

"அன்னைக்கும் இதான் சொன்னீங்களாம்" என்றாள்.

கைப்பேசி அதிர்ந்தது. பிளான்ட் ஹெட் லோகேஷ். முப்பத்தாறு வயது, பேசுவதில் பாதி ஆங்கிலம், மீதி அதட்டல்.

"சார், ஆகஸ்ட் ஷீட் முடிஞ்சிதா? காலைல ஒன்பதுக்கு ஆடிட்."

"பதினாலாம் தேதி..."

"அதுல இன்னா சார் டவுட்? வட்டம்தானே. உங்க பொம்மைப் பென்சில் ஒண்ண எடுத்து அப்படியே போட்டுகினே போங்க. அதுக்காவது யூஸ் ஆவட்டும்."

பொம்மை. கோமதிநாயகம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அறமும் நியாயமும் நேற்றிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தன, அவர் திறக்கவில்லை. அந்த ஒரு சொல் வந்து கதவை உதைத்துத் திறந்தது. மனிதனுக்கு முதுகெலும்பு எங்கிருந்து முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"போடுதேன்டா" என்றார். "பெருக்கல் குறிதான் போடுதேன்."

கட்டத்தின் மூலையில் முனையை ஊன்றிக் குறுக்கே இழுத்தார்.

கோடு வளைந்தது.

வளைந்து, சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே மூடிக்கொண்டது. அழகான வட்டம்.

கை வியர்வை என்று சொல்லிக்கொண்டு அழித்தார். மறுபடி ஊன்றினார். இந்த முறை மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அளவுகோலை அணைத்து வைத்து. முனை அளவுகோலை மெல்ல ஒதுக்கிவிட்டு வளைந்தது. வட்டம்.

நாற்பத்திரண்டாம் எண்ணை எடுத்தார். வட்டம். நூற்றுப் பதினெட்டு, வெள்ளி உடம்பு. வட்டம். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் தோல் உரிந்ததுபோல் மெலிந்தது. அறையில் ரப்பர் வாடையும் கரித்தூளும். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய்ப் பேனாவைப் பிடுங்கினார்; எந்தப் பரம்பரையும் இல்லாத பேனா.

அதுவும் வட்டம்தான் போட்டது.

அப்போதுதான் பென்சில்களை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார். பேனாவைக் கீழே போட்டார். பேனா பிடித்த மூன்று விரல்களும் பிரியவில்லை. எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்து, வெறும் மேஜைமேல் சுற்றிக்கொண்டிருந்தன. சின்னச் சின்ன வட்டங்கள். ஒரே அளவு. பத்தொன்பது வருடத்துப் பழக்கம்.

டிக்.

கூரை என்று நினைத்தார்.

டிக். டிக்.

கூரை இல்லை. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை. பயம் நாக்கின் அடியில் வந்து பித்தளைச் சுவையாக நின்றது. ஓடலாம். வாசலில் எல்லப்பன் இருக்கிறார், வெயில் இருக்கிறது. ஆனால் கட்டம் அப்படியே இருக்கிறது. இப்போது ஓடினால் அதில் இருப்பது வட்டம்.

"உங்க இஷ்டத்துக்கெல்லாம் ஆடிருவனா?" என்றார். யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை.

வலக்கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, முழு எடையையும் போட்டு அமுக்கினார். இடக்கையால் பேனாவை எடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் முஷ்டியில் பிடித்து, பதினான்காம் கட்டத்திலிருந்து பக்கத்தின் ஓரம்வரை, தாள் கிழியும்படி இரண்டு கோடுகள் இழுத்தார். பெருக்கல் குறி. கோணல். அவலட்சணம். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் தரமற்ற குறி. அதன் கீழே கோழி கிளறியதுபோல் எழுதினார்: 'காலை 7.30க்கு சக்திகுமார் என்னிடம் சொன்னான். நான் பார்க்கவில்லை. கோமதிநாயகம்.'

படம் எடுத்தார். பாண்டிச்செல்விக்கு அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது. நீலமானது.

'தெளிவா இருக்கு சார்' என்று பதில் வந்தது.

"படம் போயிட்டு" என்றார். "இனி அழிச்சுப் பாருங்க."

திரும்பினார்.

பெட்டியின் கண்ணாடி தெளிவாக இல்லை. உள்பக்கம் கரி படிந்து மங்கியிருந்தது. மேஜையில் கிடந்த மூன்றைத் தவிர, பென்சில்கள் எல்லாம் படுத்த இடத்திலேயே படுத்திருந்தன. முனைகள் மட்டும் நீண்டிருந்தன. விரல் நீளம். முழ நீளம். சில இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன. கண்ணாடி முழுக்க வட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்று. இடைவெளியில்லாமல்.

நடுவில் ஒரே ஒரு வட்டம் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

தொடைக்கு அடியிலிருந்து வலக்கை நழுவியது. அவர் இழுத்தார். இடக்கையால் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். கை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஆள்காட்டி விரல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தொட்டது. பாதி வட்டத்தின் முனையைத் தேடியது. கிடைத்தது. சுற்றியது.

கரிக்கோடு விழுந்தது.

மூடிக்கொண்டது.

விரலை முகத்துக்கு நேரே பிடித்தார். நகத்துக்கு அடியில், சதையிலிருந்து, கறுப்பாக, கூராக ஒரு முனை.

அரை மில்லிமீட்டர்.

பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி அதை உள்ளே தள்ளினார்.

டிக்.

இன்னும் அரை மில்லிமீட்டர்.