குழாயில் நின்ற நீர்

அவன் மூச்சை இழுக்கவில்லை. ஆனாலும் பச்சை விளக்கு எரிந்தது.

பச்சை என்றால் மூச்சை அவனே தொடங்கினான் என்று பொருள். மஞ்சள் என்றால் சுவாச இயந்திரம் தொடங்கியது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கழுத்தில் செருகிய குழாயோடு படுக்கையில் விழுந்ததிலிருந்து அவனுக்கு மஞ்சள்தான். இப்போது அசைவது கண்ணும் இமையும் மட்டுமே.

மறுபடியும் பச்சை.

திரைச்சீலை வடிகட்டிய மதிய வெயிலும், மருந்தும் ஈர ரப்பரும் கலந்த வாடையும், இயந்திரத்தின் நீண்ட பெருமூச்சும் என்றும்போலவே இருக்க, அந்தப் பெருமூச்சுக்கு அடியில் மட்டும் புதிதாக, யாரோ வாய்க்குள் தண்ணீரைக் கொப்புளிப்பதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்டது. கண்ணைத் திருப்பினான். குழாய் தொய்ந்த இடத்தில் நீர் தேங்கியிருந்தது. மனைவி தவறாமல் வடித்துவிடும் நீர். இன்று வடிக்கவில்லை. அது குலுங்கியபோதெல்லாம், அவன்தான் மூச்சிழுத்தான் என்று இயந்திரம் ஏமாந்து பச்சை காட்டியது.

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை போர்வைக்குள் இருந்தது.

"அட, ஆளு கலக்கறாரே!" வழக்கம்போல வீட்டுக்கு வந்த டாக்டர் விளக்கைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாத்தையும் இவரே இழுக்கறார். அப்ப மிஷின் தானா குடுக்கறதை நிறுத்திடலாம். இவர் இழுத்தா மட்டும் காத்து வரட்டும். என்ன சார், சரிதானே?"

ஒருமுறை இமைத்தால் ஆம். இருமுறை என்றால் இல்லை. கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொண்ட மொழி.

இருமுறை இமைத்தான். மீண்டும் இருமுறை.

"என்னம்மா சொல்றார்?"

"சரிங்கறார் டாக்டர். கண்ணு காஞ்சுபோச்சு, அதான் படபடன்னு கொட்டறார்."

அவள் எழுந்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். அறை கலங்கியது. பொத்தான் அழுந்தும் சத்தம். போர்வை சரசரத்தது. பச்சை. பச்சை.

"பிரமாதமா கவனிச்சுக்கிட்டீங்கம்மா. நாளைக்கு வர்றேன்."

செருப்புச் சத்தம். வாசல் கதவு.

கண் தெளிந்தது. அவள் போர்வையை விலக்கினாள். குழாயின் அடியில் அவள் விரல். தட்டினாள். நீர் குலுங்கியது. பச்சை. காற்று வந்தது.

தட்டினாள். வந்தது.

"எனக்குத் தூங்கணுங்க," என்றாள். "ஒரு ராத்திரியாவது முழுசா."

விரலை எடுத்தாள்.

நீர் நின்றது. பச்சை இல்லை. மஞ்சளும் இல்லை. அலறத் தொடங்கிய மணியை அமுக்கினாள்.

இருமுறை இமைத்தான். இருமுறை. இருமுறை.

அவள் குனிந்தாள். அவன் கண்ணுக்கு நேராக, நிதானமாக, ஒரே ஒருமுறை இமைத்தாள்.