பாஸ்கலுக்குக் கண் தெரியும்

"பாஸ்கல்! நாயெக்... நாயெக்! மேல ஏறுடா, சோம்பேறி!"

குழந்தையம்மாளின் கையிலிருந்த முறம் நழுவிவிட்டது. அடுப்படி முழுக்க அரிசி. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பாஸ்கலா?... அவர் போய் ஆறு வருஷம் ஆச்சே!

பாஸ்கல் அவளுடைய வீட்டுக்காரர் பெயர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸராக இருந்து, காய்ச்சலில் விழுந்து, சிம்பாங் பூலாய் ரோட்டோரத்தில் பலகை வீடு ஒன்றையும் நாலு தென்னையையும் அவளுக்கு விட்டுவிட்டுப் போனவர். சேர்ந்து வாழ்ந்த முப்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. செத்தவருக்குப் பூசை எழுதிக் கொடுக்கப் போனால்கூட, பெயரென்ன என்று சாமியார் கேட்கும்போது மகள் எல்ஸியைத்தான் கை காட்டுவாள். அப்படிப்பட்ட பெயரை, எவனோ ஒருவன் கொல்லைப்பக்கம் நின்று, சோம்பேறி என்று...

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவளுடைய தென்னை உச்சியில் ஒரு பெரிய குரங்கு. இடுப்பில் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனை, பக்கத்துச் சீன முதலாளி தவுக்கேயின் தோப்பு வேலியோரம் நின்ற ஒரு மனிதர் கையில். அறுபது வயது இருக்கும். நரைத்த மீசை. மழைக்கு முந்தின மேகம் மாதிரி ஈரமான, சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாத கண்கள்...

"யாரைக் கேட்டு என் மரத்துல ஏத்துனீங்க?"

அந்த மனிதர் அவளைப் பார்க்கவில்லை. குரங்கைப் பார்த்தே பதில் சொன்னார். "தவுக்கே மரத்துலதானேடா ஏறச் சொன்னேன். இப்ப பாரு, அம்மா ஏசுறாங்க."

"குரங்குக்கு அந்தப் பேரா வைப்பாங்க? ஞானஸ்நானம் குடுத்தது எந்தச் சாமியாரு?"

"பாஸ்கா திருநாள் அன்னிக்குத்தான் இவன் கைக்கு வந்தான். கோலகங்சார்ல ஒரு மலாய்க்காரர் குட்டியாக் குடுத்தாரு. அதான் அந்தப் பேரு. பதினாலு வருஷம் ஆச்சு..."

"மாத்துங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "சவரிமுத்து! இறங்கி வா!" குரங்கு காதைச் சொறிந்தது. "மத்தியாசு! ஏய் மத்தியாசு!" குரங்கு வேறு பக்கம் பார்த்தது. கடைசியில், குற்றவாளி மாதிரி, சின்னக் குரலில், "பாஸ்கல்..." என்றார். குரங்கு சர்ரென்று இறங்கி வந்து அவர் தோளில் உட்கார்ந்துவிட்டது.

குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினாள். என்ன இது... ஆறு வருஷமாகச் சிரிக்காத வாய், ஒரு குரங்கைப் பார்த்தா?

அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. மலைப்பக்கமிருந்து வெள்ளைப் படுதா மாதிரி வந்து, தோப்பையும் ரோட்டையும் ஒரே மூடாக மூடிவிட்டது. நனைகிறவரை எப்படி விரட்டுவது? பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒதுங்கச் சொன்னாள். ஒதுங்கினவருக்குக் காப்பி கொடுக்காமல் எப்படி? அலமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்தபோது, அதன் உள்ளே தூசி படிந்திருந்தது. அதை இரண்டு தரம் கழுவினாள்.

அவர் பெயர் அந்தோணிமுத்து. இரண்டு மைல் தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, முதுகு ஓய்ந்தவர். துரை பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் குரங்கை வைத்துத் தேங்காய் பறித்துக் கொடுக்கிறார் என்பதற்காகத்தான் கூலிக்காரர் லயத்தில் அவருக்கு ஒரு அறையை விட்டு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் அவர் குழந்தையம்மாளிடம் சொல்லவில்லை, கண்ணுகளா. குரங்கிடம் சொன்னார். பெண்பிள்ளைகளிடம் நேராகப் பேச அவருக்குக் கூச்சம்.

"உனக்கென்னடா தெரியும்," என்றார், பிஸ்கட்டைப் பிட்டு அதன் கையில் வைத்துக்கொண்டே. "என் பொஞ்சாதி செத்த அந்த வருஷம் காலையில எந்திரிக்கவே தோணாது. எந்திரிச்சு என்ன செய்ய? அப்புறம் நீ வந்தே. ஐயோ, இவனுக்குப் பசிக்குமேன்னு எந்திரிச்சேன். எந்திரிச்சா மூஞ்சி கழுவணும். மூஞ்சி கழுவினா நாலு பேரைப் பார்க்கத் தோணும்... அப்படியே ஓடிப்போச்சு."

குழந்தையம்மாள் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு எழுந்திரிக்க என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். எல்ஸி ஒரு நாய்க்குட்டி கொண்டு வந்தாள், வேண்டாமென்று திருப்பி அனுப்பினாள். கோழிகூட வளர்க்கவில்லை. செத்தால் அழணுமே...

மழை விட்டது. போகும்போது அந்தோணிமுத்து குரங்கின் காதில், "அம்மா மரத்துல காய் முத்தித் தொங்குது, தலையில விழுந்தா வம்பு," என்றார்.

"புதன்கிழமை வந்து பறிக்கச் சொல்லு," என்றாள் குழந்தையம்மாள். அவளும் குரங்கிடம்தான் சொன்னாள்.

புதன்கிழமை வந்தார்கள். பாஸ்கல் வேலை செய்வதைப் பார்க்கக் கண் கொள்ளாது. 'நாயெக்' என்றால் ஏறும். ஒவ்வொரு காயாகத் தொட்டு, தட்டி, முற்றின காயை மட்டும் கையாலும் காலாலும் பிடித்துத் திருகித் திருகிக் கீழே போடும். பச்சைக் காயை, நீங்கள் தங்கமே கொடுத்தாலும் தொடாது. நாலு மரத்திலும் முற்றினது அன்றைக்கே காலி.

பத்து நாள் கழித்து மறுபடியும் சொல்லி அனுப்பினாள். ஏழெட்டுக் காய்தான் விழுந்தது. காப்பியும் பேச்சும் மத்தியானம் வரைக்கும் போயிற்று. அடுத்த வாரமே இன்னொரு தரம்.

சொல் கொண்டு போனது எதிர்வீட்டுக் காளியம்மா. அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறவள். வாய் சும்மா இருக்காது. "ஏன்க்கா, ஊர்ல நரைச்ச தலையெல்லாம் உங்களுக்கு அண்ணே. அவரை மட்டும் 'இந்தாங்க'ன்னு கூப்பிடுறீங்களே, என்ன விஷயம்லா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். குழந்தையம்மாளுக்குக் காது மடல் சூடாகும். ஐம்பத்தாறு வயதில் காது சூடாகுமா? ஆகும். அதற்கு வயது தெரியாது.

நாலாவது தரம்தான் வினை வந்தது.

அன்றைக்குக் காலையில் அவளே அண்ணாந்து பார்த்தாள். நாலு மரத்திலும் எல்லாம் பச்சை. ஒன்றுகூட முற்றவில்லை. ஆனால் சொல் போய்விட்டது. அவர் வந்தாயிற்று... புதுச்சட்டை வேறு.

பாஸ்கல் முதல் மரத்தில் ஏறியது. தொட்டது, தட்டியது, இறங்கியது. இரண்டாவது மரம். மூன்றாவது. நாலாவது மரத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்து, நேராக அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தது. மஞ்சள் கண்கள். ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்கிற மாதிரி...

வேலிக்கு அந்தப்பக்கம் காளியம்மா. "என்னக்கா இது? மரத்துல காய் இல்லையா, இல்ல குரங்குக்குக் கண்ணு இல்லையா?"

அந்தோணிமுத்து மரத்தைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, அவளை நேராகப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. எல்லாம் புரிந்துவிட்ட பார்வை... அதில் கோபம் இல்லை, ஏதோ ஒரு வெளிச்சம் இருந்தது. உடனே காளியம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்: "இவனுக்கு வயசாயிடுச்சுலா. கண்ணு மங்கிப்போச்சு."

அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். அவளும் பேசாமல் நின்றாள். அந்தப் பேசாமல் நின்றதுதான், பிள்ளைகளா, அவள் செய்த தப்பு.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிட? மத்தியானம் தவறாமல் மழை வந்தது. கோப்பை மட்டும் இரண்டு எடுத்து வைப்பாள், ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து எல்ஸியும் மருமகன் லியோனார்டும் வந்தார்கள். லியோனார்ட் ரயில்வேயில் கிளார்க்கு. தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். டிரெஸர் வீட்டில் குரங்காட்டி உட்கார்ந்து காப்பி குடிக்கிறானாம், அந்தக் குரங்குக்கு மாமா பெயராம், ஆபீஸில் காதுபடப் பேசுகிறார்களாம். எல்ஸி தரையைப் பார்த்தபடி நின்றாள். குழந்தையம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு எந்தக் குரங்காட்டியும் வேண்டாம், போதுமா, என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சொன்ன பிறகுதான் நெஞ்சு வலித்தது.

மறுநாள் காலை காளியம்மா வந்தாள். விளையாட்டுப் பேச்சு ஒன்றும் இல்லை. "தப்பு பண்ணிட்டேன்க்கா. குரங்குக்குக் கண்ணு தெரியலன்னு நான்தான் வாய் விட்டேன். அது பங்களா வரைக்கும் போயிடுச்சு. வேற ஆளை வெச்சுட்டாங்க, அறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு பெரிய கிராணி. கமுந்திங்ல தங்கச்சி மகன் கூப்பிடுறானாம், ஆனா குரங்கு வரக் கூடாதாம். இன்னிக்குச் சாயங்காலம் மலையடிவாரத்துல அவுத்து விட்டுட்டு வரப் போறாரு."

பதினாலு வருஷமாக மனுஷனோடு பிஸ்கட் தின்ற ஜீவன். அதற்குக் காடு தெரியுமா? அது இல்லாத காலையில் அந்த மனுஷன் எழுந்திரிப்பாரா?

குழந்தையம்மாள் குடையைக்கூட எடுக்கவில்லை.

தோட்டத்து ஸ்டோரில் அது பால் நிறுக்கிற நேரம். வாளியும் கையுமாக அத்தனை சனமும் வரிசையில் நிற்கிறது. தராசுப் பக்கம் கணக்கு நோட்டோடு பெரிய கிராணி இராமசாமி. ஓரத்தில் ஒரு மூட்டையோடு அந்தோணிமுத்து, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். தோளில் பாஸ்கல். டிரெஸரம்மா மூச்சு வாங்க வந்து நின்றதும் பேச்சு அடங்கிவிட்டது.

"ஐயா," என்றாள் கிராணியிடம். "அந்தக் குரங்குக்குக் கண்ணு தெரியலன்னு அறையைக் காலி பண்ணச் சொன்னீங்களாமே. அது பொய்."

"அவரே சொன்னாராமே, அம்மா."

"என்னைக் காப்பாத்தச் சொன்னாரு. மரத்துல முத்தின காய் ஒண்ணுகூட இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தாறு வருஷமாக நாக்கில் ஏறாத பெயர்... "பாஸ்கலுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பொய் சொன்னது நான்தான்."

யாரோ சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. "காய் இல்லாத மரத்துக்கு எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"வந்தா... அரை நாள் வீட்டுல பேச்சுச் சத்தம் இருக்கும்," என்றாள் குழந்தையம்மாள். "அதுக்குத்தான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிராணி மூக்கைச் சொறிந்துகொண்டார். ஸ்டோருக்குப் பக்கத்துத் தென்னையைக் காட்டி, "ஏறச் சொல்லுங்க, பார்ப்போம்," என்றார்.

"நாயெக்," என்றார் அந்தோணிமுத்து.

பாஸ்கல் ஏறியது. ஒரு காயைத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டது. இன்னொன்றையும் தட்டிப் பார்த்து விட்டுவிட்டது. மூன்றாவதைத் திருகியது. கீழே விழுந்த காயைக் கிராணி எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்று பேசியது. நன்றாக முற்றின காய். "மூட்டையைக் கொண்டுபோய் அறையில வைங்க, அண்ணே," என்றார்.

திரும்பும்போது தூறல். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் அவள் முன்னால், அவர் பத்தடி பின்னால்.

"பாஸ்கல்," என்றார் பின்னாலிருந்து. "அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்டா. கேளேன்."

அவள் நின்றாள். திரும்பவில்லை. "அவனுக்கு வேலை முடிஞ்சுது. கேக்குறவங்களே கேக்கட்டும்."

காலடிச் சத்தம் பத்தடியைக் கடந்து பக்கத்தில் வந்தது. இலையிலிருந்து சொட்டிய துளி அவள் நெற்றியில் விழுந்தது. அந்த ஈரக் கண்கள் அவளுக்கு நேராக, குரங்கையோ மரத்தையோ பார்க்காமல்...

"குழந்தையம்மா... காய் இல்லாத நாளும் வரலாமா?"

அவள் தலையை அசைத்தாள்.

"எல்லா நாளும்?"

"ஊரு பேசும்," என்றாள். "மருமகன் தடுப்பாரு."

"கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பாங்க. தடை இருக்கிறவங்க எந்திரிச்சுச் சொல்லட்டும். வாசிக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, யாருக்கும் கேட்காத குரலில், "உங்களுக்காகத்தான் கூப்பிட்டேன். நாலு தடவையும்," என்றாள்.

பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறுவருஷம் நடந்தது இது. கோயிலில் முதல் ஞாயிறு யாரும் எழவில்லை. இரண்டாவது ஞாயிறு லியோனார்ட் எழுந்திருக்கப் பார்த்தார். எல்ஸி அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்து, அம்மா முகத்தை ஒரு தரம் பாருங்க, என்றாளாம். பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று வாசித்தார்: "அந்தோணிமுத்து என்பவரும், காலஞ்சென்ற பாஸ்கலின் விதவை குழந்தையம்மாள் என்பவரும்..."

வெளியே மாமரத்தில் கட்டியிருந்த ஒருவன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, கிளையைப் பிடித்து உலுக்கி, "ஊ...!" என்று பதில் சொன்னான். கோயிலே குலுங்கிச் சிரித்தது. முன்பெஞ்சில் லியோனார்ட் இருமினார். எல்லாரும் பயந்து திரும்பிப் பார்த்தார்கள்.

வெறும் இருமல்தான். அவரும் சிரிப்பை மறைக்கப் பார்த்தார்.