புகைப்புரையில் பொய்ச்சூடு

“ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!”

திற்பரப்பு ரப்பர் ஃபேக்டரி அதிர்ந்தது.

ஷீட் உலர்த்தும் புகைப்புரைக் கதவை வேலையாட்கள் விரியத் திறந்தார்கள். உள்ளே சூப்பர்வைசர் ஜெரிஷ்! குப்புற! மூச்சு இழையாய் ஓடியது.

மனைவி பிரீனா அலற அலற, ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு குழித்துறை ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

மேனேஜர் ரதீஷ் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டிவிட்டு, மாமனாரின் ஃபேக்டரியில் வந்து ஒட்டிக்கொண்டவன். தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

“குடிச்சிட்டு விடியக்காலத்துல உள்ள போய் விழுந்திருக்கான். தெரியாம தீ போட்டுட்டாங்க. சிம்பிள், மேடம்!”

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பெபிஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தீ போட்ட பொறவு யாரும் கதவ தொறந்து தள்ளலன்னு எப்படி சொல்லுதீரு?”

“உள்ள சென்சார் இருக்கு. நிமிஷத்துக்கு நிமிஷம் சூடு அளக்கும். கதவு திறந்தா சூடு இறங்கணுமே? பாருங்க... இறங்கவேயில்ல!” லேப்டாப்பைத் திருப்பினான். “நம்பர் படிக்கத் தெரியும்தானே?”

கொழுப்பு!

பெபிஷா படித்தாள். ஐம்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. மறுபடி ஐம்பத்தேழு...

உதட்டைச் சுழித்தாள்.

“ஏலே, வெறகு வச்சா சூடு மெள்ள ஏறும். தணல் அடங்குனா மெள்ள இறங்கும். இது என்ன, தவளை மாதிரி சாடுது?”

“அது... ரேண்டம் வேரியேஷன். உங்களுக்குப் புரியாது.”

“புரியும்டே. நானும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவதான். சராசரி அம்பத்தஞ்சு, கூடக் குறைய மூணுன்னு பைத்தான் ப்ரோகிராம்ல போட்டா, எண்ணு எண்ணா துப்பும். நடுவுல நெறைய, ஓரத்துல கொஞ்சம். ஆனா முந்தின எண்ணு என்னன்னு அதுக்கு நெனப்பே இருக்காது!”

“ஆதாரம்?”

“இப்ப கதவ விரியத் தொறந்து ஜெரிஷ தூக்குனாங்கல்லா? அந்த நேரத்துலயும் அம்பத்தாறு காட்டுது! நீ தொறந்தத மறைக்க நாள் முழுக்க எண்ணு போட்டு வச்சிட்ட... சவம்! களவாணித்தனம் பண்ணவும் ஒரு கூறு வேணும்டே!”

ரதீஷ் லேப்டாப்பை மடக்கினான். ஆனாலும் இளித்தான்.

“எண்ணு பொய்தான். அதுக்காக நான் தள்ளினேன்னு ஆயிருமா? ஜெரிஷ் எழும்பி வந்து சொல்லட்டும்!”

பெபிஷாவின் செல் அலறியது. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

பிரீனா!

“மேடம்... அவியளுக்கு முழிப்பு வந்தாச்சு! ரதீஷ் ரப்பர் ஷீட்ட களவா விக்கத அவிய பாத்துட்டாவளாம்... அதுக்குத்தான் உள்ள தள்ளிக் கதவ சாத்துனானாம்!”

ரதீஷின் கையிலிருந்து லேப்டாப் நழுவியது.

“ஏறு ஜீப்புல. லாக்கப்புலயும் நல்ல சூடு உண்டு, மக்கா... அங்கயாவது அளந்து எழுது!”