கனிகிக்குப் பேச்சு வந்தது

கனிகி முதன்முதலாக "அம்மா" என்று சொன்னபோது ஹசேலேக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு திடுக்கிடல்தான் வந்தது. அது ஒன்றரை வயதுக் குழந்தையின் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, முடிவில் லேசாக இழுத்து, காலையில் எழுந்ததும் அவள் பேசுவாளே, அச்சு அசலாக அப்படி இருந்தது.

ஊரே ஒரு கூரையடியில் வாழும் நீள்வீட்டில் இருந்த பதினைந்து குடும்பத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை. கவனித்தவள் அவள் கணவனின் அக்கா யாயபோ மட்டும்தான். அவளும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள்.

"பாரேன், உன் தொண்டையையே திருடி வச்சிருக்கான் திருட்டுப்பய! 'பால்'னும் சொல்லட்டும். ரெண்டும் வந்தாத்தான் புள்ளைக்குப் பேச்சு வந்துச்சுன்னு அர்த்தம்."

அன்று சாயங்காலமே "பால்" வந்தது.

பொசாவி மலைக்காட்டில் அந்த இரண்டு சொல்லும் வரும்வரை குழந்தையோடு யாரும் மெனக்கெட்டுப் பேசுவதில்லை. ஒன்றும் புரியாத ஜீவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது? தாய்தான் குழந்தையை மடியில் வெளியே பார்க்க உட்காரவைத்து, மூக்கால் கீச்சென்று குரலை மாற்றி, அதுவே பேசுவதுபோல் பேசுவாள். ஹசேலேயும் பேசினாள். "அக்கா, எனக்கும் குடு" என்று கனிகியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கீச்சிடுவாள்; ஆறு வயது மகள் சுவேலா தம்பிக்கே பதில் சொல்வாள். இரண்டு சொல்லும் வந்துவிட்டால் அந்தக் கீச்சுக்குரல் முடிந்தது. இனி தாய் சொல்லித்தர வேண்டும், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். "தா. இப்படிச் சொல்லு." "வா. இப்படிச் சொல்லு." மெத்தென்ற பிள்ளை இறுகி ஆளாவது இப்படித்தான்.

மறுநாள் சுவேலா காலில் முள்ளோடு அழுதுகொண்டு வந்தாள். அம்மாகிட்ட வா என்று சொல்ல ஹசேலே வாயைத் திறந்தாள். முதல் சொல் வரவில்லை. மறதி இல்லை இது. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்த் துழாவுவதுபோல் அவள் துழாவினாள். அங்கே ஒன்றுமே இல்லை. "என்கிட்ட வாடி" என்று சமாளித்து முள்ளை எடுத்தாள்.

அடுத்த பத்து நாளில் "தா" போனது. "வா" போனது. நெருப்பு, மழை, நில், போ. கனிகி ஒரு சொல்லை அழகாகத் திருப்பிச் சொல்வான், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அவள் தொண்டையில் அந்த இடம் வெறுமையாகிவிடும். பொறுக்கமுடியாமல் யாயபோவிடம் சொன்னாள்.

"அண்ணி, என்கிட்ட இருக்கறத எடுத்துக்கறான். அவன் சொன்ன எதையும் என்னால திரும்பச் சொல்ல முடியல."

யாயபோ விழுந்து விழுந்து சிரித்தாள். "பின்னே யார்கிட்டேர்ந்து எடுப்பான், என்கிட்டேர்ந்தா? எல்லாப் புள்ளையும் பெத்தவ வாயிலேர்ந்துதான் எடுக்குது." பிறகு சிரிப்பு அடங்கியது. "சொல்லிக்குடுக்கறத மட்டும் நிறுத்திடாதே ஹசேலே. விட்டின்னா கடைசிவரைக்கும் மெத்துன்னே கெடப்பான். பெத்த புள்ளைய அப்படி ஆக்குவியா?"

ஆக்குவாளா? நாலு சொல் போனால் போகட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

மழைக்காலம் தொடங்குமுன் மாவு எடுத்துவிட வேண்டும் என்று கணவன் தேகெலோ ஓடைக்கரையில் ஒரு சேகோ பனையை வெட்டிச் சாய்த்துவிட்டு, பன்றி வேட்டைக்குப் போய்விட்டான். ஹசேலே இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கரையில் குடிசை போட்டாள். பனைத்தண்டின் ஈரச் சோற்றை இடித்துப் பிழியும் புளித்த வாடையும், இலைகளில் விட்டுவிட்டு விழும் நீரும், பாறைகளுக்கடியில் ஓடையின் ஓயாத முணுமுணுப்பும் சேர்ந்து பகலையே மங்கலாக்கியிருந்த அந்த இடத்தில்தான், கனிகிக்கு இனிச் சொல்லித்தரத் தேவையில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. வேலை அலுப்பில் அவள் முனகியதை எல்லாம் எடுத்தான். தூக்கத்தில் உளறியதையும் எடுத்தான். பால் குடிக்கும்போது அவன் கண்கள் அவள் முகத்தில் இருக்காது. அவள் உதடுகளில் இருக்கும். காத்துக்கொண்டு இருக்கும்.

அவள் பேசுவதையே நிறுத்தினாள். சுவேலாவைக் கையைத் தட்டி அழைத்தாள்.

"ஏம்மா என்கூடப் பேச மாட்டேங்குற? என்மேல கோவமா?" என்று சுவேலா கேட்டாள். ஹசேலே தலையாட்டி மறுத்தாள். "தம்பிதான் பேசுறான். கண்ண மூடிக்கிட்டா நீ பேசுற மாதிரியே இருக்கும்மா."

அன்று மத்தியானம் பாறைச் சந்தில் ஓடை இரைகிற இடத்துக்குத் தனியாகப் போய், மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். இலை வரவில்லை. தண்ணீர் வரவில்லை. வேண்டாம் என்பதும் வரவில்லை. ஒன்று மட்டும் வந்தது. சுவேலா. அதை அவன் இன்னும் சொன்னதில்லை. அவன் காதில் விழும்படி இனி ஒருபோதும் சொல்வதில்லை என்று முடிவுசெய்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலாம் நாள் மாலை, மலை உச்சியில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுவேலா அக்கரையில் இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். கனிகி ஹசேலேயின் முதுகில் வலைப்பைக்குள் தூங்கினான். ஓடையின் சத்தம் மாறியதும் அவள் நிமிர்ந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில், வேர்களையும் கிளைகளையும் புரட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்த மரத்தடியை நக்கியது. மேலே வழிந்தது. சுவேலா அந்தத் தடியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

நில் இல்லை. வேண்டாம் இல்லை.

"சுவேலா!"

இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அலறினாள். சிறுமி நின்றாள். அம்மாவின் கைகளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். புரிந்துகொண்டு காலை எடுத்தாள், பின்னால் போய் மேட்டில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்தாள். வெள்ளம் வடியும்வரை உட்கார்ந்திருப்பாள். கெட்டிக்காரி. ஹசேலே கைகளை இறக்கினாள்.

முதுகில் ஏதோ அசைந்தது.

"சுவேலா."

கரகரப்பாக. முடிவில் லேசாக இழுத்து.

ஹசேலே மகளின் பெயரைத் திரும்பக் கூப்பிடப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"சுவேலா. வா."

அக்கரையில் சிறுமி எழுந்தாள். மழை வந்துவிட்டது. திரைபோல. அம்மாவின் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. குரல் தெரிந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா பேசிவிட்டாள்.

"வரேம்மா!"

ஹசேலே கைகளை வீசினாள். குதித்தாள். பையைப் பிடுங்கி முன்னால் இழுத்தாள். கனிகி சிரித்தான். அவன் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவள் சொல்லித் தந்ததைத்தான் சொல்கிறான். அவன் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

சுவேலா தடியின் நடுவில் இருந்தாள். தடி தெரியவில்லை. கணுக்காலுக்கு மேல் செம்மண் தண்ணீர்.

ஹசேலேயின் உள்ளங்கைக்குள் சின்ன உதடுகள் வெதுவெதுப்பாக அசைந்தன. கை மூடியும் குரல் மங்கவில்லை. மழையையும் வெள்ளத்தையும் தாண்டி, ஒரு தாய் கூப்பிடுவதுபோல், பிரியமாக.

"சுவேலா, வா."

சுவேலா ஓட ஆரம்பித்தாள்.