நாற்பத்தேழாவது வீடியோ

மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுது. கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவ மாடிப்படியில விறுவிறுன்னு ஏறினா… குடையை மடக்க மறந்துட்டா. எதிர்ல இறங்கி வந்தவர் மூஞ்சியிலயே குடைக்கம்பி இடிச்சிடுச்சு.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"ன்னு கத்தினதும் இவதான்.

"இப்ப தெரியலைங்க… கண்ணாடியைத் தட்டி விட்டுட்டீங்களே."

குனிஞ்சு தேடினார். காதோரம் கொஞ்சம் நரை. நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்ணுல துளிகூட கோபம் இல்ல… இவதான் சட்டுனு பார்வையைத் திருப்பிக்கிட்டா. முப்பத்தஞ்சு வயசுல இது என்ன கூத்துன்னு மனசுக்குள்ள ஒரு திட்டு வேற.

கடைசியில பார்த்தா, மாடியில இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையே அவரோடதுதான்!

பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசை மேல வச்சா. "அலமாரி துடைக்கும்போது கீழ விழுந்துடுச்சு சார். சொருகினா வருது, உடனே காணாம போயிடுது. வீட்டு போட்டோ, வீடியோ, பத்திரம் எல்லாம் இதுலதான்."

"காப்பி எதுவும் போட்டு வச்சிருக்கீங்களா?"

"ஓ, இருக்கே! ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு நானே போட்டேன்."

"எங்க இருக்கு?"

"இதுக்குள்ளயேதான்… பக்கத்து ஃபோல்டர்ல."

அவர் அடக்கிப் பார்த்தார். முடியல, சிரிச்சுட்டார். இவளுக்குச் சுருக்குனு ஆயிடுச்சு.

"நான் லேப்ல ரத்தம் எடுக்கிறவ சார். ஊசி போடத் தெரியும், இதெல்லாம் தெரியாது." முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் எட்டு மாசம் ஆச்சு. அவங்க பேசின வீடியோ அத்தனையும் இதுலதான். போன்ல இடமில்லைன்னு அங்க அழிச்சுட்டேன். அண்ணனுக்கு இன்னும் சொல்லல…"

அவர் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"தப்பா சிரிச்சுட்டேன், மன்னிச்சிடுங்க. பத்து நாள் கொடுங்க. கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன்… ஆனா விட மாட்டேன்."

பத்தாவது நாள் வந்தா. கடை வாசல்லயே கால் நின்னுடுச்சு. உள்ள அம்மா குரல்! "ஏய், கேமராவை அந்தப் பக்கம் திருப்புடி, நான் தலைகூட வாரல!" திரை முன்னாடி உட்கார்ந்து அவர் சிரிச்சுக்கிட்டு இருந்தார்.

சந்தோஷம் வந்திருக்கணும்… வந்தது கோபம்.

"எங்க வீடு உங்களுக்கு வேடிக்கையா?"

"இல்லைங்க, திறந்து பார்த்தாதானே…"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கொடுங்க!"

எல்லாத்தையும் மாத்தி வச்ச புது டிஸ்க் இருந்த கவரைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு இறங்கிட்டா.

வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட டிஸ்க் விழுந்த கதையை ஒப்பிச்சுட்டு, டிஸ்க்கை டிவியில சொருகினா. அம்மா தன்னோட குரலைத் தானே கேட்டாங்க. நல்லா இருந்த கையால மகளோட கையை இறுக்கிப் பிடிச்சு… ஒரு பக்க உதட்டால சிரிச்சாங்க. எட்டு மாசத்துக்கப்புறம் சிரிச்சாங்க!

அண்ணன்தான் கவருக்குள்ள இருந்த தாளை எடுத்தார். இருநூத்திப் பதினாலு வீடியோவும் வரிசையா, கையெழுத்துல. எது முழுசா ஓடுது, எது நடுவுல நிக்குது… நாற்பத்தேழாவதுக்கு நேரா, "படம் வரல, குரல் மட்டும் வருது. அதை விட்டுட மனசு வரல, எடுத்து வச்சிட்டேன்."

"ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்த்தாதாண்டி இதை எழுத முடியும். நீ என்ன சொல்லிட்டு வந்த?"

"திட்டிட்டு வந்தேன்…"

"பிரமாதம்! போய் மன்னிப்பு கேளு, போ."

மறுநாள் சாயங்காலம் போனா. அவர் ஸ்க்ரூ கழட்டிக்கிட்டு இருந்தார், நிமிரல.

"தெரியாம பேசிட்டேன்… திட்டணும்னா திட்டிடுங்க."

"திட்டெல்லாம் இல்ல. நீங்க கேட்டதுலயும் பாதி உண்மை." கையில இருந்த ஸ்க்ரூவைப் பார்த்தபடியே சொன்னார். "சரி பார்க்கறதுக்கு ஆரம்பம், நடு, முடிவுன்னு மூணு இடம் பார்த்தா போதும். நான் முழுசா கேட்டேன்."

"ஏன்?"

"எந்த வீடியோவுலயும் நீங்க இல்ல. எப்பவும் கேமராவுக்குப் பின்னாடி. அங்கிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வரும்… அதுக்காகத்தான். என்கிட்ட நீங்க அழுதீங்க, கத்தினீங்க. சிரிக்கவே இல்லையா… அதான் அங்க கேட்டுக்கிட்டேன். தப்புதான்."

வெளிய மழை பிடிச்சுக்கிச்சு. இவ காது ரெண்டும் சூடாயிடுச்சு. கையோட கொண்டு வந்திருந்த அவர் எழுதின தாளை மடிச்சா, பிரிச்சா…

அவரே பேச்சை மாத்தினார். "இன்னொரு காப்பி போட்டுடுங்க. அதை வேற வீட்டுல வைக்கணும், தீ, தண்ணி எது வந்தாலும் தப்பிக்கும். சொந்தக்காரங்க வீடு இருக்கா?"

"உங்க வீட்டுல வச்சுக்கங்க."

ஸ்க்ரூ கீழ விழுந்து உருண்டுச்சு.

"மாசா மாசம் வந்து திறந்து பார்த்துக்கறேன்."

"டிஸ்க்கையா?"

"டிஸ்க்குக்காக யாராவது மாசா மாசம் வருவாங்களா? உங்களைப் பிடிச்சிருக்குங்க… போதுமா?"